கேட்காமல் போட்ட பெயர்

1

சென்ற வாரம் என் தம்பி குமரன் வாட்ஸப்பில் ஓர் அழைப்பிதழ் அனுப்பினான். அவன் மனைவிக்கு வளைகாப்பு. அழைப்போர் வரிசையில் என் பெயரும் இருந்தது. பெயருக்குப் பின்னால் படிப்பு, அதற்கும் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'ஜெர்மனி'. உன் பெயரைப் போடலாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் கோபித்துக்கொண்டிருப்பேன். கூடப் பிறந்தவளைப் போய் யாராவது கேட்டுவிட்டுப் போடுவார்களா?

இருந்தும் அதைப் பார்த்ததும் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தேன். ட்ராமில் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பெருமூச்சு விட்டேன். போன வருடம் குமரன் கல்யாணத்துக்கு உத்திரமேரூர் போயிருந்தபோது நடந்ததை, 'பரிமளாவுக்கு ஆபீஸில் ஏதோ பிரச்சினையாம்' என்ற அளவில்தான் ஊரில் அறிவார்கள். முழுவதையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒவ்வோர் அழைப்பிதழுக்கும் இப்படியே பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பேன்.

2

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை நைனாவுக்கு இன்றுவரை விளங்கவைக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற மனிதர். மென்பொருள் எழுதுகிறவர்களிடம் ஒரு புதுக் கருவியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. நிரலில் ஓர் இடத்தைத் திருத்தினால் வேறெங்கே உடையும் என்று அந்தக் கருவி முன்கூட்டியே சொல்லும். மோட்டாரைப் போட்டால் எந்த வரப்பு உடையும் என்று சொல்கிற மாதிரி என்று நைனாவிடம் சொன்னேன்.

"அத்த நானே சொல்வேனே. அதுக்கு இன்னாத்துக்கு ஒரு மிசினு?" என்றார்.

கருவியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் இதுவும் விளம்பரமாகிவிடும். அதில் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

டெவலப்பர்களிடம் விற்பது மாமியாரிடம் நல்ல பெயர் வாங்குவது போல. எவ்வளவு முயற்சி செய்கிறோமோ அவ்வளவு சந்தேகப்படுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் இணையப் பக்கத்தில் 'புரட்சிகரமான' என்று ஒரு சொல் போட்டேன். 'அந்தச் சொல்லோடு பக்கத்தை மூடிவிட்டேன்' என்று ஒருவர் எழுதினார். இன்னொரு முறை, ஜெர்மன் மொழியில் 'நீங்கள்' என்பதற்கான மரியாதைச் சொல்லைப் போட்டு எல்லோருக்கும் கடிதம் அனுப்பினேன். வரித்துறை எழுதிய கடிதமோ என்று பயந்துவிட்டதாகக் கிண்டல் செய்தார்கள். அவர்களுக்குள் எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். எனக்கு அது இன்றுவரை நாக்கில் ஒட்டவில்லை.

மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டேன். கருவியால் எது முடியாது என்பதை முதலில் எழுத வேண்டும். எடுத்துக்காட்டை நகலெடுத்துப் போட்டால் முதல் தடவையே ஓட வேண்டும். தொட்டுப் பார்க்கும் முன் மின்னஞ்சல் முகவரி கேட்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் நம்புவது இன்னொரு டெவலப்பரை மட்டுந்தான்.

அதனால் கருவியை வெளியிடும் முன், நாற்பது பேர் போல ஆட்களைச் சேர்த்துச் சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தோம். எல்லோரும் வெவ்வேறு கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். சம்பளம் கிடையாது, ஆர்வத்தில் செய்தார்கள். அவர்களில் தியாகோ என்ற பிரேசில்காரர் நான் இருக்கும் ஜெர்மன் நகரத்திலேயே ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தார். நேரில் பார்த்ததில்லை, எழுத்தில்தான் பழக்கம். அவர் எழுதும் குறைகள் நீளமாக இருக்கும், படித்தால் கோபம் வரும், ஆனால் அத்தனையும் சரியாக இருக்கும். கருவியில் இன்று உருப்படியாக இருக்கிற பாதி அவர் திட்டித் திட்டித் திருத்தியது.

3

வெளியீட்டு நாளும் குமரன் கல்யாணமும் ஒரே வாரத்தில் வந்து தொலைத்தன. என் முதலாளி கத்ரீன், "ஊரிலிருந்தே பார்த்துக்கொள், வெளியீட்டுப் பக்கமெல்லாம் தயார்தானே" என்று விட்டுவிட்டாள். மகள் யாழினிக்கும் கோடை விடுமுறை. இருவரும் கிளம்பிப் போனோம்.

போய்ச் சேர்ந்த மறுநாளே வீட்டில் ரகளை. புள்ளலூரிலிருந்து அத்தை வந்து இறங்கினாள். நைனாவின் தங்கை. கையில் கல்யாணப் பத்திரிகை. உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரு பேரு எங்கண்ணா? எல்லார் பேரும் கீது. அவரு பேரு மட்டும் இன்னா, எலி தின்னுகிச்சா?"

நைனா கண்ணாடியைத் தேடினார். குமரன் பத்திரிகையைப் பிடுங்கிப் பார்த்தான். மாமன்மார் வரிசையில் தேவராஜ் மாமா இல்லை. மெய்யாகவே விடுபட்டுப்போயிருந்தது.

"அச்சுல உட்டுட்டாங்கமா. வேணும்னு யாராவது செய்வாங்களா?" என்றார் நைனா.

"ஊரே பார்த்துச் சிரிக்குது. அவரு ரெண்டு நாளா சோறு துன்னல. இந்தக் கல்யாணத்துக்கு நாங்க வரமாட்டோம்." சொல்லிவிட்டு அத்தை அழத் தொடங்கினாள். நைனாவின் முகம் செத்துப்போய்விட்டது. தாலி எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் தங்கை இல்லாத கல்யாணத்தை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

குமரனும் நானும் பைக்கில் பஜாருக்கு ஓடினோம். பத்திரிகை அடித்த கனி பாய், நாங்கள் வாய் திறக்கும் முன்பே விஷயத்தைப் புரிந்துகொண்டார். "மறுபடியும் அடிச்சுடலாம், புள்ளலூரு சைடுக்கு மட்டும். என் கணக்குல." பிறகு கணினியில் மாமாவின் பெயரைச் சேர்த்துக்கொண்டே என்னிடம், "மாமா இன்னா வேலை பார்த்தாரு?" என்றார்.

"மின்சார வாரியம். ரிட்டயர்டு."

"அதையும் போடணும்மா. பேரை மொட்டையா போட்டா மரியாத இல்ல. நான் இத்தினி வருசமா பார்த்துக்கினு கீறேன். பேரு வுட்டதுக்குத்தான் சண்டை வரும். பேரு போட்டதுக்கு எவனும் சண்டைக்கு வந்தது கெடையாது."

புதுப் பத்திரிகையில் மாமா பெயர் முதலில், பதவியோடு வந்தது. அத்தை அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காபி குடித்தாள்.

4

மறுநாள் மதியம் வெளியீடு. ஜெர்மனியில் காலை வேலை தொடங்கும் நேரம். காலையில் நாஷ்டா முடித்துவிட்டு, மாடி அறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பக்கத்தைக் கடைசியாக ஒருமுறை படித்தேன். அடியில் ஒரு வரி இருந்தது: 'சோதித்துப் பார்த்த எல்லோருக்கும் நன்றி.'

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை மாதம் உழைத்தவர்களுக்கு ஒரே வரியா? ஒரு பெயர்கூட இல்லாமல்? அத்தை அழுத அழுகை காதிலேயே இருந்தது. உட்கார்ந்து எல்லாப் பெயர்களையும் எழுதினேன். ஒருவரும் விடுபடக் கூடாது என்று மூன்று முறை சரிபார்த்தேன். மொட்டையாகப் போட மனம் வரவில்லை. அவரவர் பொதுவில் வைத்திருக்கும் விவரங்களைத் தேடி, பெயருக்குப் பின்னால் பதவியையும் கம்பெனியையும் சேர்த்தேன். தியாகோவை முதலில் போட்டேன். செய்துமுடித்தபோது எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

கட்டிலில் படுத்திருந்த யாழினி எட்டிப் பார்த்தாள். தமிழ் பாதி, ஜெர்மன் பாதியாகத்தான் அவளுக்குப் பேச்சு வரும்.

"இவங்க எல்லார்கிட்டயும் கேட்டியாம்மா?"

"நன்றி சொல்றதுக்கு எதுக்குடி கேக்கணும்?"

"ஸ்கூல்ல க்ளாஸ் ஃபோட்டோவுக்கே கேக்கறாங்களே. நீதானே சைன் பண்றே?"

உண்மைதான். ஒவ்வொரு வருடமும் அவள் பள்ளியிலிருந்து ஒரு தாள் வரும். படம் எடுக்கலாமா, எடுத்தால் சுவரில் மாட்டலாமா, இணையத்தில் போடலாமா என்று தனித்தனியாகக் கேட்டிருப்பார்கள். இந்த ஜெர்மன்காரர்களுக்கு வேறு வேலையில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போடுவேன். அன்றும் அதையே சொன்னேன். "பெரிய மனுஷி மாதிரிப் பேசாதே, போய்க் குளி." பிறகு பக்கத்தை வெளியிட்டேன்.

முதல் அரை மணி நேரம் சொர்க்கம். டெவலப்பர்கள் கூடும் ஒரு பெரிய இணைய மன்றத்தில் எங்கள் கருவி மேலே ஏறிக்கொண்டிருந்தது. 'கடைசியில் ஒரு கம்பெனியாவது தன் கருவியின் குறையை முதலில் சொல்கிறது' என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த வரியைப் பொன்போல இரண்டு தடவை படித்தேன்.

பிறகு தியாகோவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'என் பெயரை எடுங்கள். இப்போதே.'

5

எதற்கு என்று புரியாமல் 'என்ன ஆயிற்று?' என்று கேட்டேன். பதில் துண்டு துண்டாக வந்தது. அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் வெளிக் கருவி எதையும் அவர்கள் நிரலின் மேல் ஓட்டக் கூடாது என்று விதி. இவர் ஒரு சிறு பகுதியில் ஓட்டிப் பார்த்துத்தான் அத்தனை குறைகளையும் கண்டுபிடித்திருக்கிறார். கம்பெனியின் பெயர் இணையத்தில் எங்கே வந்தாலும் அவர்களுடைய பாதுகாப்புப் பிரிவுக்குத் தானாகத் தகவல் போய்விடும். போய்விட்டது.

'மேலாளர் கூப்பிடுகிறார்' என்று அடுத்த செய்தி. பிறகு ஒன்றுமில்லை.

பக்கத்தைத் திறந்து பெயர்களை அழிக்கப் போனேன். மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது, அதோடு இணையமும். கைப்பேசியில் ஒரு கோடு தெரிந்தது, மறைந்தது. மாடியின் நான்கு மூலைக்கும் ஓடினேன். வெயில் காலைப் பொசுக்கியது. பிரேசில்காரருக்கு வேலை போனால் விசா என்னவாகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் ஐந்து வருடம் நானும் அந்தக் கயிற்றில்தான் நடந்தேன். வேலையோடு கட்டப்பட்ட அனுமதி. வேலை போனால் சில மாத அவகாசம், அதற்குள் இன்னொன்று கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"குமரா, வண்டியை எடு! கனி பாய் கடைல யூபிஎஸ் இருக்கு."

"இன்னாக்கா ஆச்சு? பந்தக்காரன் வந்து நிக்கிறான்."

"வண்டியை எடுடான்னா!"

பாய் என் முகத்தைப் பார்த்து எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். முதலில் தியாகோவின் பெயர், பிறகு எல்லாப் பெயர்களும். அழித்துவிட்டு மன்றத்தைப் பார்த்தேன். கருவியைப் பற்றி யாரும் பேசவில்லை. 'இத்தனை பேரையும் கேட்டுத்தான் போட்டீர்களா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். கீழே பக்கத்தைப் படம்பிடித்துப் போட்டிருந்தார். நான் அழித்தது அங்கே அழியாமல் இருந்தது, முதல் பெயர் பளிச்சென்று.

"இன்னாம்மா பேஜாரு?" என்றார் பாய்.

"பேரு போட்டதுக்கு பாய்."

"பேரு போட்டதுக்கா?" அவர் நம்பவில்லை. குமரனைப் பார்த்தார். குமரன் உதட்டைப் பிதுக்கினான். நான் பாய் மேல் எரிந்து விழ வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். அவர் கல்யாணப் பத்திரிகையைப் பற்றித்தானே சொன்னார்.

மன்றத்தை நடத்துகிறவரிடம் கெஞ்சி எழுதியதில் சாயங்காலத்துக்குள் அந்தப் படத்தை எடுத்துவிட்டார். கத்ரீன் தொலைபேசியில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "யாரைக் கேட்டுச் சேர்த்தாய்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு வக்கீலிடம் பேசப் போய்விட்டாள். பெயர் வந்தவர்களில் பாதிப் பேர் கோபமாக எழுதினார்கள். இரண்டு பேர் சந்தோஷப்பட்டார்கள், ஒருவர் மதுரைக்காரர்.

மன்னிப்புக் கேட்டு, உங்கள் கம்பெனிக்கு நானே விளக்கி எழுதட்டுமா என்று கேட்டிருந்ததற்குத் தியாகோ மட்டும் பதில் எழுதவில்லை.

கல்யாணத்தன்று பட்டுப்புடவையோடு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நைனா வந்தார்.

"மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு நிக்காதமா. எல்லாரும் கேக்கறாங்க."

சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நல்லதுதானே பண்ணே? அவங்களுக்கு அது மரியாதைன்னு தெரியலன்னா நீ இன்னா பண்ணுவே?"

"தெரியாதது எனக்கு நைனா! ஒரு வார்த்த கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்." நான் போட்ட சத்தத்தில் அத்தை திரும்பிப் பார்த்தாள். நைனா என் தோளைத் தொட வந்து, கையை இழுத்துக்கொண்டார். கெட்டிமேளம் கேட்டது. கைப்பேசியைப் பார்த்தபடியே நான் போட்ட அட்சதை தரையில்தான் விழுந்தது.

மூன்றாம் நாள் தியாகோவின் பதில் வந்தது. 'வேலை போய்விட்டது. நீங்கள் எங்கள் கம்பெனிக்கு எதுவும் எழுத வேண்டாம். என் பெயரை வைத்து இனி எதுவுமே எழுத வேண்டாம்.'

6

திரும்பி வந்ததும் கத்ரீனிடம் போய் நின்றேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன். "தியாகோவை நாம் எடுத்துக்கொள்ளலாமா?" என்றேன்.

"பரிதாபப்பட்டு வேலை கொடுக்க மாட்டேன்."

"கொடுக்க வேண்டாம். மற்றவர்களுக்கு வைக்கிற தேர்வை அவருக்கும் வையுங்கள்."

தியாகோ முதலில் மறுத்தார். எங்கெங்கோ விண்ணப்பித்தார். எங்கு போனாலும் 'முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்?' என்ற கேள்வியில் வந்து நின்றதாம். அவகாசம் கரைந்துகொண்டிருந்தது. நைனா வாரம் தவறாமல் தொலைபேசியில், "அந்தத் தியாகு தம்பி இன்னா ஆனாரு?" என்று கேட்பார். இன்னும் தேடுகிறார் என்பேன். கடைசியில் தியாகோ வந்து தேர்வை எழுதினார். எல்லோரையும் விட நன்றாகச் செய்தார், கத்ரீன் எடுத்துக்கொண்டாள். ஆனால் புதுக் கம்பெனிக்கு மாற வெளிநாட்டவர் அலுவலகத்தின் சம்மதம் வேண்டும். அவருக்கு ஜெர்மன் அரைகுறை. அங்கே ஜெர்மனில்தான் பேசுவார்கள்.

நான் வரட்டுமா என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். இப்போதெல்லாம் எல்லாவற்றையும் கேட்கிறேன். யாழினிக்கே அலுத்துவிட்டது.

சற்று யோசித்தார். "வாருங்கள். நான் சொன்னால் மட்டும் பேசுங்கள்."

அந்தக் கட்டடம் எனக்கு அத்துப்படி. கீழ்த்தளத்தில் அனுமதிகள், மேல்மாடியில் குடியுரிமை. என்னுடைய குடியுரிமை விண்ணப்பம் வருடக்கணக்கில் மேலே கிடக்கிறது. யாராவது ஒரு தாள் குறைகிறது என்பார்கள், கொடுப்பேன், பிறகு மௌனம். அந்த வாசலில் நுழைந்தாலே நல்ல பிள்ளையாக முகத்தை வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

மேசைக்குப் பின்னால் நரைத்த முடியோடு ஓர் அம்மாள். கோப்பைப் புரட்டினார். "இவர் யார்?" என்று என்னைக் காட்டி தியாகோவிடம் கேட்டார்.

தியாகோ தனக்குத் தெரிந்த ஜெர்மனில் நிதானமாகச் சொன்னார்: "என் வேலையைப் போக வைத்தவர். இப்போது துணைக்கு வந்திருக்கிறார்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. இன்னொரு நாற்காலியைக் காட்டினார். சில கேள்விகள் கேட்டார். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது. "முந்தைய கம்பெனி உங்களை ஏன் நீக்கியது? பணி விலக்கம் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். காரணம் தெரியாமல் என்னால் மேலே போக முடியாது."

தியாகோ என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கள்."

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் கேட்டேன். "எவ்வளவு சொல்லலாம்?"

"எல்லாவற்றையும். உங்கள் பெயரையும் சேர்த்து."

சொன்னேன். விதியை மீறி அவர் கருவியை ஓட்டியதையும் சொன்னேன், அவர் சம்மதமில்லாமல் பெயரையும் கம்பெனியையும் நான் வெளியிட்டதையும் சொன்னேன். அந்த அம்மாள் தட்டச்சு செய்துகொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். "வெளியிட்டவர் பெயர்?"

பரிமளா என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அப்பா பெயரையும் சொன்னேன். பிறந்த ஊர் கேட்டார், உத்திரமேரூர் என்று எழுத்துக் கூட்டினேன். விசை விழுவதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன். சட்டப்படி ஒன்றும் ஆகாது என்று அறிவு சொன்னது. ஆனால் யார் யார் படிப்பார்கள், மேல்மாடிக்குப் போகுமா, யாராவது ஒருவர் இதைப் பார்த்து என் தாளை ஓரமாக வைத்துவிடுவார்களா என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. தன் பெயரை எங்கள் பக்கத்தில் பார்த்த காலையில் தியாகோவுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அந்த நாற்காலியில்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த அம்மாள் உள்ளே போய் வந்தார். வெகுநேரம் எடுத்துக்கொண்டார். திரும்பி வந்து ஒரு தாளில் முத்திரை வைத்து தியாகோவிடம் நீட்டினார். புது வேலையில் சேரலாம்.

வாசலை நோக்கி நடக்கும்போது தியாகோ மேலே கையைக் காட்டினார். "உங்கள் விண்ணப்பம் அங்கேதானே இருக்கிறது?"

"ஆமாம். யார் சொன்னார்கள்?"

"கத்ரீன். போன வாரமே."

நான் நின்றுவிட்டேன். "தெரிந்துமா என் பெயரைச் சொல்லச் சொன்னீர்கள்?"

"தெரிந்ததால்தான்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். அவர் வாசல் கதவைத் திறந்து, நான் வெளியே வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.